பினாங்கில் கழற்றிய வால்வு

பினாங்கு விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பெட்டியைத் திறக்கச் சொன்னார். மேலே தூத்துக்குடி மக்ரூன் டப்பாக்கள், அக்காவுக்கு அம்மா கொடுத்தனுப்பிய சேலைகள். அடியில் பழைய வேட்டியில் சுற்றிய ஸ்பேனர்கள், ஒரு டார்ச், பிடி தேய்ந்த இடுக்கி. அவர் இடுக்கியை எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கா என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தூத்துக்குடியில் ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தா. இருந்தும் தலையை ஆட்டினேன். ஆட்டும்போது நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்ததையும் மறைக்க விரும்பவில்லை.

போன காரியம் இரண்டு. அத்தான் இறந்து ஒரு வருடம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நினைவுத் திருப்பலி. அடுத்தது, அவர் போனதிலிருந்து அடுக்குமாடிக்குக் கீழே நின்றுகொண்டிருக்கும் அவருடைய காரை ஓடவைப்பது. முதல் காரியத்துக்குச் சாமியார் இருந்தார். இரண்டாவதற்கு நான் ஒருவனே போதும் என்று போனிலேயே சொல்லியிருந்தேன். ஊரில் என் காருக்கு நானே ஆயில் மாற்றுவேன், பிரேக் கட்டை மாற்றுவேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் காருக்கு அடியில்தான் கிடப்பேன். யூடியூபில் கார் பழுது பார்க்கும் வீடியோக்கள் எத்தனை உண்டோ அத்தனையும் எனக்குப் பாடம்.

அக்கா ஸ்டெல்லா ஆயர் ஈத்தாமில் இருக்கிறாள். கல்யாணமாகி வந்த காலத்திலிருந்தே இங்கே ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை. அந்தத் தொழிற்சாலை இப்போது பினாங்குத் தீவை விட்டுக் கிளம்புகிறது. கடலுக்கு அந்தப் பக்கம், பெருநிலத்தில், சிம்பாங் அம்பாட்டில் புதிய கட்டடம். திங்கட்கிழமையிலிருந்து காலை ஏழு மணிக்கு அங்கே இருக்க வேண்டும். முடியாதவர்கள், கம்பெனி கொடுக்கும் தொகையை வாங்கிக்கொண்டு வேலையை விடுவதாகக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம். பிள்ளை கிடையாது. அத்தானும் இல்லை. அந்த வேலைதான் அவளுக்கு எல்லாம். காசுக்காக மட்டும் சொல்லவில்லை, அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட மனிதர்கள் இருக்கிற ஒரே இடம் அதுதான்.

நான் போய்ச் சேர்ந்த செவ்வாய்க்கிழமை மாலையே அவள் கேட்டாள். "தம்பி, வொர்க்‌ஷாப்ல விட்டுடலாமா? இங்க பக்கத்துலயே ஒரு சீன ஆளு இருக்காரு. அத்தானுக்குப் பழக்கம்."

"வொர்க்‌ஷாப்பா? ஒண்ணுமில்லாததுக்கு இஞ்சினையே இறக்கிப் போடுவான். நான் பாத்துக்கிடுதேன்க்கா" என்றேன்.

அவள் சரி என்றாள். என்னை நம்பிவிட்டாள். அவள் அன்றைக்கு ஒரு சண்டை போட்டிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலையில் ரொட்டி சானாய் தின்றுவிட்டு வேலையில் இறங்கினேன். நம் பரோட்டாவுக்குத் தங்கை முறை அது. மெலிந்தது, மொறுமொறுப்பானது, ஊற்றிக் கொடுக்கும் பருப்புக் குழம்பு மட்டும் கொஞ்சம் இனிக்கும். காருக்குப் புது பேட்டரி போட்டதும் இஞ்சின் சொன்னபடி கேட்டது. எனக்கே ஆச்சரியம். சிறிது நேரம் ஓடவிட்டதும் வெப்பம் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. ஏறி சிவப்புக் கோட்டை நெருங்கியதும் அணைத்தேன்.

கீழ் வீட்டு குணா அண்ணன் கோப்பிக் குவளையோடு வந்து நின்றார். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்கே பானெட் திறந்தாலும் அவர் இருப்பார் என்று அக்கா சொல்லியிருந்தாள். "என்னா தம்பி, காடி சூடாவுதா?" என்று கேட்டார். இங்கே காரை நம்மவர்கள் காடி என்றுதான் சொல்கிறார்கள்.

ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டேன், கொதித்தது. கீழ் ஹோஸைத் தொட்டேன், குளிர்ந்து கிடந்தது. தண்ணீர் சுற்றவில்லை. அதற்குக் காரணம் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் வால்வு. இஞ்சின் சூடானதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு அனுப்ப வேண்டிய சின்னக் கதவு அது. அதைக் கழற்றி அக்காவின் சமையலறையில் பரிசோதனை வைத்தேன். நூலில் கட்டி, கொதிக்கும் தண்ணீரில் தொங்கவிட்டேன். நல்ல வால்வு என்றால் வாயைத் திறக்க வேண்டும். இது செத்த மீன் மாதிரி கிடந்தது.

"பாத்தியா? இதுதான் வியாதி" என்றேன்.

அக்கா கை தட்டினாள். உண்மையாகவே தட்டினாள். சரியான இடத்தில் விரலை வைத்தேன் என்பதில் இப்போதும் எனக்குச் சந்தேகமில்லை. அதோடு என் புத்தி தீர்ந்துபோயிற்று.

வியாழக்கிழமை உதிரிபாகம் தேடி ஜார்ஜ் டவுனுக்குப் போனேன். பேருந்தில் சரியான சில்லறை போட வேண்டும், நடத்துநர் கிடையாது. நான் நீட்டிய நோட்டைப் பார்த்து ஓட்டுநர் தலையில் கை வைத்துக்கொண்டார். பின்னால் நின்ற சீனக் கிழவி எனக்காகத் தன் அட்டையைத் தேய்த்துவிட்டு, "உட்காருங்கள், பாவம்" என்ற பொருளில் மலாயில் ஏதோ சொன்னாள். நம் ஊர் என்றால் நடத்துநர் டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுத்திருப்பார். இறங்கும்போது நாம் அதை மறந்திருப்போம்.

கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஓர் அம்மாள். பழைய வால்வைக் காட்டியதும், கார் சேஸிஸ் எண் எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் குறித்துக்கொண்டு வரவில்லை. அந்த மாடலில் இரண்டு வகை இஞ்சின் உண்டாம். என் கையிலிருந்த வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதன் அடியில் ஸ்பிரிங்கோடு இன்னொரு சின்னத் தட்டு இருந்தது.

"ஒரிஜினல் வேண்டுமென்றால் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும். செவ்வாய்க்கிழமை ஆகும்" என்றார். பிறகு ஓர் அட்டைப்பெட்டியைத் திறந்து வேறொன்றை எடுத்து வைத்தார். அடித்தட்டு இல்லாத மொட்டை வால்வு. "இது மற்ற இஞ்சினுடையது. உட்காரும். சிலர் போடுகிறார்கள். நான் பொறுப்பில்லை."

திங்கட்கிழமை அக்கா வேலைக்குப் போக வேண்டும். செவ்வாய்க்கிழமை வரும் வால்வை வைத்து நான் என்ன செய்வது? இன்னொரு பக்கம், பொருந்தாததைப் போடக் கூடாது என்பது என் கொள்கை. டூப்ளிகேட்டை என் காரில் நான் ஏற்றியதே இல்லை. அந்த மொட்டை வால்வை ஒரு பண்டிதனுக்குரிய வெறுப்போடு தள்ளி வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

பசி. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் கடை ஒன்றில் வரிசையில் நின்றேன். சோற்றின்மேல் கோழிக் குழம்பு, அதன்மேல் மீன் குழம்பு, அதற்கும் மேல் மாட்டுக் குழம்பு என்று ஊற்றிக்கொண்டே போனார் பரிமாறுபவர். வெள்ளம் மாதிரி ஊற்றச் சொல்வதற்கு இங்கே தனிப் பெயரே இருக்கிறது. மீன் குழம்பில் கோழிக் குழம்பைக் கலந்தால் எங்கள் வீட்டில் அம்மா அகப்பையால் அடிப்பாள். இங்கே அது அமிர்தமாக இருந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் தமிழும் மலாயும் கலந்து பேசிக்கொண்டார்கள். எனக்குப் புரிந்த அளவில் ஒருவர், "இல்லாமலே ஓட்டு, ஒன்றும் ஆகாது" என்றார். எதைச் சொன்னார் என்று தெரியாது, ஹெல்மெட்டாகக்கூட இருக்கலாம். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த எனக்கு மட்டும் பொறி தட்டியது.

வால்வு எதற்கு?

நம் ஊரில் பாதி மெக்கானிக்குகள் முதல் வேலையாகத் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவார்கள். குளிர் நாட்டில் இஞ்சின் சீக்கிரம் சூடாவதற்காக வைத்தது, நம் வெயிலுக்கு எதற்கு என்பார்கள். என் முதல் காரில் வால்வே கிடையாது, வருடக்கணக்காக ஓடியது. தூத்துக்குடி வெயிலுக்குத் தேவைப்படாதது பினாங்கு வெயிலுக்கு மட்டும் தேவைப்படுமா? இதில் குறுக்கு விசாரணைக்கு இடமே இல்லை என்று நினைத்தேன்.

மாலையில் குணா அண்ணனிடம் கேட்டேன். கேட்டது யோசனைக்காக அல்ல, ஆமோதிப்புக்காக. அவரும், இந்த ஊர்ப் பேச்சின் வாலில் ஒட்டும் 'லா'வோடு, கைவிடவில்லை.

"வாங்காத லா! எடுத்துப் போட்டுட்டு ஓட்டு. என் பழைய காடில நானும் அப்படித்தானே ஓட்டுனேன்? ஈப்போ வரைக்கும் போயிட்டு வந்திருக்கேன், ஒண்ணும் ஆவல."

"அதையேதான் நானும் நெனச்சேன் அண்ணே."

இரண்டு ஊர், ஒரே வெயில், ஒரே மூளை. வெள்ளிக்கிழமை காலையில் வால்வு இருந்த இடத்தைக் காலியாக விட்டு, மூடியை லிக்விட் கேஸ்கெட் பசை பூசி முறுக்கினேன். பச்சைத் தண்ணீர் ஊற்றாமல் நல்ல கூலன்டாகவே ஊற்றினேன். காற்றுக் குமிழ் போக ஹோஸ்களை அமுக்கிவிட்டேன். எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன்.

இங்கே ஓட்ட எனக்கு உரிமம் இல்லாததால் அக்காதான் ஓட்டினாள். அத்தான் நெட்டை, இருக்கை மிகவும் பின்னால் தள்ளியிருந்தது. அவள் அதை முன்னால் இழுக்கக் கையை வைத்து, ஒரு கணம் அப்படியே இருந்தாள். பிறகு இழுத்தாள். ஆயர் ஈத்தாம் பசாரைச் சுற்றி, லக்சா கடைக்கு முன்னால் நெரிசலில் நின்று நின்று போனோம். முள் பாதிக்குக் கீழேயே கிடந்தது. இறங்கி ஆளுக்கு ஒரு கிண்ணம் லக்சா சாப்பிட்டோம். புளியும் மீனும் புதினாவும் கலந்த அந்தக் குழம்பை முதல் வாயில் நான் சந்தேகப்பட்டேன், கடைசியில் கிண்ணத்தைத் தூக்கிக் குடித்தேன். அக்கா இந்த ஒரு வருடத்தில் இப்படிச் சிரித்ததில்லை என்று குணா அண்ணனின் மனைவி பிறகு சொன்னார்.

அந்தச் சிரிப்போடுதான் அவள் சூப்பர்வைசருக்குப் போன் செய்தாள். கம்பெனி தீவிலிருந்து ஒரு வேன் விடுகிறது. இடம் குறைவு, அக்காவுக்கு அதில் ஓர் இடம் போட்டு வைத்திருந்தார்கள். ஆனால் வேன் கிளம்புவது தீவின் தெற்கே இருக்கும் பாயான் லெப்பாஸிலிருந்து. இருட்டோடு எழுந்து முதலில் அங்கே போய்ச் சேர வேண்டும். இடம் கிடைக்காத இன்னொரு பெண் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

"வேன் எனக்கு வேணாம் மேடம். அந்த இடத்த அவளுக்கே கொடுத்துடுங்க. எனக்குக் காடி ஓடுது, தம்பி செஞ்சிட்டான்" என்றாள் அக்கா.

பக்கத்தில் நின்று நானும் கேட்டுக்கொண்டிருந்தேன். பொறு, இன்னும் ஒரு நாள் ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொல் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. பெருமை வாயை அடைத்துக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை, புதிய தொழிற்சாலைக்கு வழி பார்த்து வரலாம் என்று மூன்று பேராகக் கிளம்பினோம். அக்கா ஓட்ட, நான் பக்கத்தில், குணா அண்ணன் பின்னால். நல்ல வெயில், ஏசி ஓடியது. தீவையும் பெருநிலத்தையும் இணைக்கும் பாலத்தில் ஏறியதும் கடல் இருபுறமும் விரிந்தது. இங்கே யாரும் ஹாரன் அடிப்பதில்லை. அந்த அமைதியில் நான் எங்கள் ஊர்ப் போக்குவரத்தைக் குறை சொல்லிக்கொண்டே வந்தேன்.

பாலம் நடுவில் மேடாக ஏறும் இடத்தில் அக்கா சொன்னாள். "தம்பி, முள்ளு ஏறுது."

பார்த்தேன். ஏறிக்கொண்டுதான் இருந்தது.

"ஏசிய அணைச்சுடுக்கா" என்றேன். அடுத்து, நம் ஊர் வித்தை ஒன்று உண்டு. கார் சூடானால் ஹீட்டரைப் போட்டு இஞ்சின் வெப்பத்தை உள்ளே இழுத்துவிடலாம், நாம் வெந்தாலும் இஞ்சின் பிழைக்கும். ஹீட்டர் பொத்தானைத் தேடினேன். அப்படி ஒன்றே இல்லை. இந்த ஊருக்கு எதற்கு என்று தயாரித்தவர்களே வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

"நிறுத்திடட்டுமா?" என்றாள் அக்கா.

இந்த இடத்தில் நான் சொன்னதை எழுத வெட்கமாக இருக்கிறது. "பாலத்துல நிறுத்தாத, ஆபத்து. கொஞ்சம்தான், தாண்டிடலாம் போ."

அவள் போனாள். நான் சொன்னதால் போனாள். முள் சிவப்பைத் தாண்டிக் கடைசிக் கோட்டில் முட்டியது. பானெட்டின் இடுக்குகளிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. சுத்தியலால் தகரத்தில் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், பிறகு இஞ்சின் தானாக நின்றது. அக்கா எப்படியோ ஓரத்தில் ஒதுக்கினாள். பக்கத்தில் மோட்டார் சைக்கிள்கள் உரசிக்கொண்டு பறந்தன.

பாலத்து ரோந்து வண்டி வந்தது. சீருடைக்காரர் என்னிடம் மலாயில் கேட்டதை அக்கா மொழிபெயர்த்தாள். "தண்ணி ஊத்துனீங்களான்னு கேக்குறாரு." ஊற்றினோம் என்று சொல்லச் சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதற்குமேல் கேட்கவில்லை. காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பெருநிலத்தில் ஒரு பட்டறையில் விட்டார்.

பட்டறைக்காரர் ஆயில் மூடியைத் திறந்து காட்டினார். மூடியின் உட்புறம் பால் காப்பி நிறத்தில் நுரை. ஆயிலும் தண்ணீரும் கலந்துவிட்டன என்றால், இரண்டையும் பிரித்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்பு போய்விட்டது என்று எனக்கே தெரியும். ஹெட்டும் வளைந்திருக்கும், நாங்கள் சொன்ன சத்தத்தை வைத்துப் பார்த்தால் உள்ளே பிஸ்டனும் உரசியிருக்கும், கழற்றிப் பார்ப்பதே வீண் என்றார் அவர். வேறு இஞ்சின் மாற்றுவதுதான் வழி.

அதற்கும் அலைந்தோம். சிம்பாங் அம்பாட் பக்கம் 'ஹாஃப் கட்' விற்கும் கொட்டகை ஒன்று இருந்தது. ஜப்பானில் கழித்த கார்களை நடுவில் இரண்டாக வெட்டி, முன்பாதியைக் கப்பலில் கொண்டுவந்து அடுக்கி வைத்திருக்கிறார்கள். இஞ்சின், கியர், டாஷ்போர்டு, ஸ்டீயரிங் எல்லாம் அப்படியே இருக்கிறது, பின்பாதிதான் இல்லை. வேண்டியதைக் கழற்றி வாங்கிக்கொள்ளலாம். வேறு நாளாக இருந்தால் எனக்கு அது சொர்க்கம், ஒரு பகல் முழுதும் சுற்றியிருப்பேன். அன்றைக்குப் பிணவறைக்குள் ஆள் அடையாளம் காட்டப் போனவன் மாதிரி நடந்தேன்.

அத்தானின் காருக்குப் பொருந்துகிற இஞ்சின் ஒன்றுகூட இல்லை. அடுத்த கப்பலில் வரலாம், வராமலும் போகலாம். வந்தாலும் அதை வாங்கி இறக்கி ஏற்றுகிற செலவுக்கு வேறு ஒரு பழைய காரே வாங்கலாம் என்று கொட்டகைக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார். வேறு கார் வாங்க அக்காவிடமும் வழியில்லை, என்னிடமும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் அத்தான் பெயரை வாசித்தபோது நான் தலையை நிமிர்த்தவே இல்லை. அக்கா அழவில்லை. வெளியே வந்து நிழலில் நின்று சூப்பர்வைசருக்குப் போன் செய்தாள். எனக்குக் கேட்டது அவள் பக்கம் மட்டும்.

"இல்ல மேடம்... ஆமா, நான்தான் சொன்னேன்... இல்ல, அவளப் போயி இறக்கி விடாதீங்க, பாவம்... புரியுது மேடம்."

வேன் இடம் அந்தப் பெண்ணுக்குப் போய்விட்டது. இனி இடமில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்தோம். சமையலறை ஜன்னலில் அந்தப் பழைய வால்வு கிடந்தது. எடுத்து, அடியிலிருந்த சின்னத் தட்டை விரலால் அமுக்கினேன். அப்போதுதான் விளங்கியது.

இஞ்சினுக்குள் தண்ணீருக்கு இரண்டு வழி. ஒன்று ரேடியேட்டருக்குப் போய்க் குளிர்ந்து வருகிற நீண்ட வழி. இன்னொன்று குளிராமல் அப்படியே இஞ்சினுக்குத் திரும்புகிற குறுக்கு வழி. இஞ்சின் சூடானதும் இந்த வால்வு நீண்ட வழியைத் திறக்கும். அதே அசைவில் அடித்தட்டு போய்க் குறுக்கு வழியை அடைக்கும். என் பழைய காரில் அந்தக் குறுக்கு வழி ஊசித்துளை அளவு, வால்வு இல்லாவிட்டாலும் பாதகமில்லை. குணா அண்ணனின் காரும் அப்படித்தான் இருந்திருக்கும். இதிலோ அது பெரிய வாசல். அந்த வாசலை நான் விரியத் திறந்து வைத்துவிட்டேன். பசாரில் மெதுவாக ஓடியபோது சமாளித்தது. பாலத்தில் வேகமும் மேடும் சேர்ந்ததும் கொதித்த தண்ணீர் குளிரப் போகாமல் இஞ்சினையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. கடைக்கார அம்மாள் கொடுத்த மொட்டை வால்வைப் போட்டிருந்தாலும் இதே கதிதான். எதுவும் செய்யாமல் செவ்வாய்க்கிழமை வரை காத்திருந்தால், வேன் இடமும் இருந்திருக்கும், காரும் பிழைத்திருக்கும். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். எனக்கு ஒருத்தி போதும்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தட்டை அமுக்கிக் காட்டினேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"எனக்கு இதெல்லாம் புரியாது தம்பி. விடு. நீ ஒண்ணும் வேணும்னு செய்யலியே."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திங்கட்கிழமை வெளுக்குமுன் கிளம்பினோம். ஆயர் ஈத்தாமிலிருந்து முதல் பேருந்து, படகுத்துறையில் காத்திருப்பு, ஃபெரி, பட்டர்வொர்த்தில் இன்னொரு காத்திருப்பு, இன்னொரு பேருந்து. ஃபெரியில் கடல் காற்று முகத்தில் அடித்தது. சுற்றுலாக்காரர்கள் விடியலைப் படம் எடுத்தார்கள். எங்கள் ஊரில் கடலைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வரும். இங்கே இது அக்காவுக்கும் அவள் வேலைக்கும் நடுவில் கிடக்கிற தண்ணீராக மட்டும்தான் தெரிந்தது. அவள் கம்பெனிச் சட்டையின் காலரைத் திரும்பத் திரும்பச் சரி செய்துகொண்டாள்.

சிம்பாங் அம்பாட் போய்ச் சேர்ந்தபோது ஏழு எப்போதோ தாண்டியிருந்தது. வாசலில் கம்பெனி வேன் காலியாக நின்றது. காவலர் என்னை உள்ளே விடவில்லை. அவர் கூண்டுக்குப் பக்கத்தில் நிழலில் நின்றேன். எதிரே கடையில் இரண்டு தொழிலாளிகள் பேசிக்கொண்டிருந்தார்கள், தமிழ்தான். "தீவுலேர்ந்து வர்றவங்கள்ல வயசானவங்க எல்லாம் நிக்க மாட்டாங்க லா. கம்பெனிக்கும் அதானே வேணும்" என்றான் ஒருவன்.

அக்கா வெளியே வந்தபோது கழுத்தில் அடையாள அட்டை இல்லை.

"என்னாச்சுக்கா?"

"டெய்லி இந்த நேரத்துக்குத்தான் வர முடியும்னு சொன்னேன். ஏழு மணிக்கு லைன் ஓடணும்னாங்க. தப்பா ஒண்ணும் பேசல தம்பி, நல்லாத்தான் பேசுனாங்க." கைப்பையின் வாரைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "கையெழுத்துப் போட்டுட்டேன்."

நடு ரோட்டில் நின்று நான் அழுதேன். அவள் என் கையைப் பிடித்துப் பேருந்து நிறுத்தத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வழியில் மீ கோரேங் என்ற பொரித்த நூடுல்ஸில் இரண்டு பொட்டலம் வாங்கினாள். "வீட்டுல போயி சமைக்க முடியாது" என்றாள்.

மாலையில் அம்மா தூத்துக்குடியிலிருந்து கூப்பிட்டாள். அம்மாவுக்குக் காது மந்தம் இல்லை, நன்றாகவே கேட்கும். அக்கா போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"என்னட்டி, பூசையெல்லாம் நல்லா நடந்துச்சா? காரு ஓடுதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "ஓடுதும்மா. இன்னைக்கு அதுலதான் வேலைக்குப் போயிட்டு வந்தேன்."

"கடலுக்கு மேலயா?"

"ஆமாம்மா, பாலத்து மேல. தம்பிதான் பக்கத்துல உக்காந்து வந்தான்."

"நான் சொல்லல? அவன் கை பட்டா ஓடும். மாப்பிள்ள இருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பாரு. இனிமே எனக்கு ஒன் கவலை இல்ல. போன அவங்கிட்ட குடு."

"இங்கதான் இருக்கேன்மா" என்றேன்.

"ஏலே, நம்ம மைக்கேல் மாமா காரும் சூடாவுதாம். ஒங்கிட்ட காட்டணும்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. வந்ததும் கொஞ்சம் பாரு, என்ன?"

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு. தோள் குலுங்கச் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அது சிரிப்பாக இல்லை. சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டு மேசைமேல் கவிழ்ந்துவிட்டாள். அப்படியும் சத்தம் வந்தது.

"அங்க என்னலே சத்தம்?" என்றாள் அம்மா.

நான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு, குரலை உயர்த்தி, கார் எவ்வளவு அருமையாக ஓடுகிறது என்று சொல்லத் தொடங்கினேன். முள் பாதிக்கு மேல் ஏறுவதே இல்லை என்றேன். ஏசி போட்டாலும் ஏறுவதில்லை என்றேன். அக்கா ஓயும்வரை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே இருந்தேன்.